வாக்கர் சகோதரிகள் வீட்டுக்கு ஒரு காலை: ஸ்மோக்கி மலைக்குக் கிளம்பும் நம்மவர்களுக்குத் திறந்த மடல்

அட்லாண்டா, சார்லட், நாஷ்வில் பக்கங்களிலிருந்து நீண்ட வார இறுதிகளில் டென்னசி-வட கரோலினா எல்லையிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மலைக்குப் புறப்படும் தமிழ்க் குடும்பங்களுக்கும், அந்தப் பயணங்களுக்குத் திட்டம் போட்டு, வீடு பிடித்து, யார் வீட்டில் குக்கர், யார் வீட்டில் அரிசி என்று கணக்கு எழுதும் அன்பர்களுக்கும் வணக்கம்.

உங்கள் திட்டத்தைப் பார்க்காமலேயே என்னால் சொல்லிவிட முடியும். வெள்ளி இரவு கேட்லின்பர்க்கிலோ பிஜன் ஃபோர்ஜிலோ வாடகை வீடு. சனிக்கிழமை குவோஹி சிகரத்துக் கோபுரம், வழியில் நியூஃபவுண்ட் கேப் கணவாயில் குழுப்படம். ஞாயிற்றுக்கிழமை கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கின் பதினோரு மைல் வட்டச் சாலையில் கார் ஊர்வலம். கரடி தென்பட்டதா, கரடி தென்பட்டதா என்று பின்சீட்டிலிருந்து ஓயாத கேள்வி. மீதி நேரம் டாலிவுட் கேளிக்கைப் பூங்கா. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் வருகைகளுக்குமேல் பதிவாகும் பூங்கா அது. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் இவ்வளவு கூட்டம் வேறு எதற்கும் கிடையாது. வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்வதும் இதைத்தான்.

அந்தத் திட்டத்தில் ஒரு காலைப்பொழுதை லிட்டில் கிரீன்பிரையரில் இருக்கும் வாக்கர் சகோதரிகள் வீட்டுக்கு, பூங்கா வந்த பிறகும் வெளியேறாமல் சாகும்வரை அங்கேயே வாழ்ந்த மலைக்காரப் பெண்களின் மரவீட்டுக்கு, ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். இதை நேரில் சொன்னபோதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: மரக்குடிசைதானே, கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கிலேயே நாலைந்து பார்த்துவிட்டோமே!

கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் நீங்கள் பார்ப்பது பொறுக்கி எடுத்து வைத்த பழமை. 1930களில் அந்தப் பள்ளத்தாக்கைப் பூங்கா எடுத்துக்கொண்டபோது, அங்கிருந்தவர்கள் பலகை வேய்ந்து வர்ணம் அடித்த, நாகரிகமான வீடுகளில்தான் குடியிருந்தார்கள். தபால் வந்தது, கார் வந்தது. பூங்கா நிர்வாகம் அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டு, முரட்டு மரக்கட்டைகளால் கட்டிய பழைய வீடுகளை மட்டும் விட்டுவைத்தது. பார்க்க வருகிறவர்களுக்கு 'முன்னோடிகளின் காலம்' தெரிய வேண்டுமாம். வட்டச் சாலையில் முதலில் வரும் ஜான் ஆலிவர் வீட்டின் முன் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த ஆலிவரின் வழித்தோன்றலான இன்னொரு ஜான் ஆலிவர், அந்த ஊருக்குத் தபால் கொண்டுவந்தவர், தன் நிலத்தை விடமாட்டேன் என்று டென்னசி உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்று, 1937-ல் வெளியேறினார். அவர் வீட்டைத் தேடாதீர்கள், அது இல்லை.

நில ஆர்ஜிதம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் அது அப்படித்தான் நடந்தது. மேற்கே இருக்கும் பெரிய பூங்காக்கள் பெரும்பாலும் அரசு நிலத்தில் எழுந்தவை. ஸ்மோக்கியிலோ ஒவ்வொரு துண்டு நிலமும் யாரோ ஒருவருடையது. மரம் வெட்டும் கம்பெனிகளோடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியானவர்களிடமிருந்தும் அதை வாங்கிச் சேர்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசு திரட்டிக் கொடுத்தார்கள். ராக்ஃபெல்லர் குடும்பத்து அறக்கட்டளை 50 லட்சம் டாலர் கொடுத்தது. விற்க மனமில்லாதவர்கள் மீது வழக்குப் பாய்ந்தது. 1934-ல் பூங்கா உருவானது. 1940 செப்டம்பர் 2 அன்று நியூஃபவுண்ட் கேப்பில், நீங்கள் குழுப்படம் எடுக்கும் அதே கல்மேடையிலிருந்து, அதிபர் ரூஸ்வெல்ட் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அன்றைக்கும் போகாமல் தங்கள் வீட்டிலேயே இருந்தவர்கள்தான் வாக்கர் சகோதரிகள்.

அந்த வீட்டை 1840களில் கட்டத் தொடங்கியவர் அவர்களுடைய தாய்வழித் தாத்தா வைலி கிங். அப்பா ஜான் வாக்கர் உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் நின்று சண்டையிட்டுக் கைதியாகித் திரும்பியவர். தெற்கோடு சேர்ந்துகொண்ட டென்னசியில் அப்படி ஒரு முடிவெடுக்க நெஞ்சழுத்தம் வேண்டும். அந்த நெஞ்சழுத்தம் பெண்களுக்கும் வந்திருந்தது. பதினொரு பிள்ளைகள், அந்தக் காலத்தில், அந்த மலையில், பதினொன்றும் பிழைத்து ஆளானதே அதிசயம். ஏழு பெண்களில் ஒருவர் மணமாகிப் போனார். மார்கரெட், பாலி, மார்த்தா, நான்சி, லூயிசா, ஹெட்டி என்ற மற்ற ஆறு பேரும் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நம்மவர்கள் கேட்காமல் இருக்கமாட்டார்கள் என்று தெரியும். பலரும் பல கதை சொல்கிறார்கள். நமக்கு எதற்கு அது?

1921-ல் அப்பா இறந்தார். சகோதரர்களில் ஒருவர் தம் பங்கையும் அக்கா தங்கைகளுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். (இந்த வரியை நம் குடும்பங்களில் சிலர் இரண்டு முறை படிக்கலாம்.) 122 ஏக்கர். ஆடு வளர்த்து, ரோமம் கத்தரித்து, தாங்களே நூற்று, தாங்களே நெய்தார்கள். பருத்தியும் கொஞ்சம் போட்டார்கள். கொட்டையைப் பிரித்தெடுக்க அப்பா செய்துவைத்த சிறிய மரக்கருவி இருந்தது. சோளம், உருளைக்கிழங்கு, பன்றி, கோழி, தேனீ, பல வகை ஆப்பிள் மரங்கள். சர்க்கரை, காப்பி, உப்பு, சமையல் சோடா ஆகிய நான்கையும் தவிர வேறெதற்கும் கடைக்குப் போகத் தேவையில்லை என்று அவர்கள் சொல்வது வழக்கமாம். குளிர் புகாமலிருக்க உள்சுவர் முழுக்கச் செய்தித்தாளும் பத்திரிகைப் பக்கங்களும் ஒட்டியிருந்தார்கள். உத்தரத்திலிருந்து கூடைகளும் விதைப்பைகளும் துணிகளும் தொங்கின. ஆறு பேர் புழங்கிய வீட்டில் வைக்க இடம் வேண்டாமா?

நான்சி 1931-ல் இறந்துவிட்டார். மீதி ஐந்து பேரும் விற்க மறுத்துக்கொண்டே இருந்தார்கள். திறப்பு விழா முடிந்த பிறகுதான், 1940-41 வாக்கில், சமரசம் உண்டானது. 4,750 டாலருக்கு நிலம் அரசுக்கு. உயிருள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அவர்களுக்கு. ஆனால் தங்கள் காட்டிலேயே வேட்டையாடக் கூடாது, மீன்பிடிக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, மாடு மேய்க்கக் கூடாது. பிறந்ததிலிருந்து பிழைத்துவந்த வழியில் பாதியை அடைத்துவிட்டு, சொந்த வீட்டிலேயே அவர்களைக் குடித்தனக்காரர்கள் ஆக்கினார்கள்.

இங்கே எல்க்மாண்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மே கடைசியில் ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகளைப் பார்க்கக் குலுக்கலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோமே, அதே எல்க்மாண்ட். அங்கே நாக்ஸ்வில் நகரத்துப் பணக்காரர்களுக்குக் கோடைக்கால வீடுகள் இருந்தன. அவர்களுக்கும் குடியிருப்பு உரிமை கிடைத்தது. பின்னர் அதைக் காலக்கெடுவாக மாற்றி, நீட்டித்து, பெரும்பாலான வீடுகளை 1992 வரை வைத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் விளைநிலத்தை விட்டுப் போனவர்கள், மறுபக்கம் கோடைக்குக் காற்று வாங்க வந்தவர்கள். யாருக்குக் கதவு கடைசியில் சாத்தப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

1946-ல் நாடெங்கும் விற்ற வாரப் பத்திரிகை ஒன்று சகோதரிகளைப் பற்றி எழுதியது. அதன் பிறகு வாசல் நிறையக் கூட்டம். நெடுஞ்சாலையில் வழிகாட்டும் பலகை வைத்தாயிற்று. வந்தவர்களை அவர்கள் விரட்டவில்லை. மலைக்காரர்களின் வழக்கப்படி உட்காரச் சொன்னார்கள். அப்படியே நாலு காசும் பார்த்தார்கள். ஆப்பிள் வைத்துப் பொரித்த பலகாரம், கையால் பின்னிய துணிகள், குழந்தைகளுக்கான பொம்மைகள், லூயிசா எழுதிய கவிதைகள். ஊசியும் நூலும் தங்களிடம் இருக்க, வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவானேன் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குள் பாலியும் ஹெட்டியும் போனார்கள், மார்த்தா 1951-ல் போனார். மார்கரெட்டும் லூயிசாவும் மட்டும் மீதி. 1953-ல் அந்த இருவரிடமிருந்தும் பூங்காக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் போயிற்று. நெடுஞ்சாலையில் எங்களைப் பற்றி வைத்திருக்கும் பலகையைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இரண்டு பேர்தான் இருக்கிறோம். ஒருத்திக்கு 70, ஒருத்திக்கு 82. எங்கள் வேலையையும் பார்த்துக்கொண்டு இத்தனை விருந்தாளிகளையும் வரவேற்க முடியவில்லை. முன்போல் விற்பதற்குப் பொருள் செய்யவும் முடியவில்லை. வருகிறவர்களோ அதை எதிர்பார்ப்பார்கள். இதுதான் சாரம். எழுத்துப்பிழைகள் நிறைந்த, கோபம் துளியும் இல்லாத கடிதம்.

அந்தக் கடைசிக் காரணம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. வருகிறவர்களால் தொல்லை என்று அவர்கள் எழுதவில்லை. வருகிறவர்கள் ஏமாந்து போவார்களே என்று எழுதினார்கள்.

மார்கரெட் 1962-ல் இறந்தார். லூயிசா தன்னந்தனியாக இரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்து, 1964-ல் மறைந்தார். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் சட்டம் வாஷிங்டனில் நிறைவேறிய ஆண்டு. ஆகவே இதை 'பழங்காலத்து முன்னோடிகளின் வீடு' என்று பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். உங்கள் பாட்டி காலத்தில் அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காலம் நின்றுபோன இடம் என்ற பேச்சும் வேண்டாம். காலம் அவர்களிடம் நிறையவே எடுத்துக்கொண்டது.

முன்னோடி என்ற பேச்சு வந்ததால் இன்னொன்று. கிங் குடும்பம் கோடரியோடு வருமுன் அந்த மலை யாருமற்ற காடாக இருக்கவில்லை. அது செரோக்கி மக்களின் நாடு. 1838-ல் ராணுவத்தை விட்டு அவர்களைப் பிடித்து, இன்றைய ஓக்லஹோமாவுக்கு நடத்திச் சென்றார்கள். வழியிலும் முகாம்களிலும் செத்தவர்கள் நாலாயிரம் பேர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. தப்பித்தும் ஒதுங்கியும் தங்கியவர்களின் சந்ததிதான் மலைக்கு அந்தப் பக்கம், வட கரோலினாவின் செரோக்கி ஊரில் வாழ்கிறது. நீங்கள் ஏறும் கோபுரத்துச் சிகரத்துக்கு, தெற்கத்திப் படைத்தளபதி ஒருவரின் பெயரை நீக்கிவிட்டு, குவோஹி என்ற செரோக்கிப் பெயரைத் திரும்பச் சூட்டியது 2024 செப்டம்பரில்தான். வாக்கர் சகோதரிகளுக்கு நேர்ந்ததை அநியாயம் என்று சொல்லும் வாய் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்காவது விலை கொடுத்தார்கள், சாகும்வரை இருக்க விட்டார்கள்.

சரி, வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர்களின் வீட்டுக்கு எங்களை ஏன் போகச் சொல்கிறாய், உன் மடலும் இன்னொரு பலகைதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் கேட்டது, தாங்கள் உயிரோடிருக்கையில் தங்களால் உபசரிக்க முடியாததால். இன்று உபசரிக்க யாருமில்லை. ஆனால் வீடு இருக்கிறது, வீட்டுக்கும் தாங்குசக்தி என்று ஒன்று உண்டு. 2021-ல் புகைபோக்கியும் சுவரும் நகரத் தொடங்கி, உள்ளே யாரும் போகக் கூடாது என்று மூடிப் பழுதுபார்த்தார்கள். அதனால் நான் கேட்பது கூட்டத்தை அல்ல. நான்கு குடும்பம் போனால் நான்கும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையாதீர்கள். யாராவது தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தால் அவர்கள் எழும்வரை ஓடைப் பக்கம் போய்வாருங்கள்.

ஓடைப் பக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. வீட்டுக்கு எதிரே ஊற்றுநீரின் மேல் ஒரு சின்ன மரக்கட்டடம் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். அதுதான் அவர்களுடைய குளிர்ப்பெட்டி. மலையிலிருந்து வரும் நீர் உள்ளே ஓடும். பாலையும் வெண்ணெயையும் அந்த நீரில் வைத்துவிடுவார்கள். ஜூலை மாதத்திலும் உள்ளே கையை நீட்டினால் சில்லென்றிருக்கும். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் வீட்டைவிட அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். ஈர மணலில் மண்பானை வைத்த வீட்டில் வளர்ந்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பக்கத்தில் சோளக் களஞ்சியம் நிற்கிறது. மற்ற கொட்டகைகள் போய்விட்டன.

வீட்டுக்குள் அறைகலன் எதையும் எதிர்பார்க்காதீர்கள், வெறும் கூடு. செதுக்கிச் சதுரமாக்கிய கட்டைகளை மூலையில் ஒன்றின் வாயில் ஒன்றைக் கடிக்கவிட்டு அடுக்கியிருக்கிறார்கள். அந்தக் கோடரிக் கொத்துகளின் மேல் இப்போது வேறு கொத்துகள்: பெயர்கள், இதயங்கள், தேதிகள். பேனாக்கத்தியால் கீறியவை, சாவியால் கீறியவை. பூங்காவின் பழைய கட்டடங்கள் எல்லாவற்றிலும் இந்த வியாதி இருக்கிறது. தமிழெழுத்து எதுவும் என் கண்ணில் படவில்லை. செஞ்சிக் கோட்டைச் சுவர்களைப் பார்த்திருப்பதால் அந்த நிம்மதியை நான் அதிகம் நம்பவில்லை. பிடிபட்டால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என்பதைப் பதின்வயதுப் பிள்ளைகளிடம் காரிலேயே சொல்லிவிடுங்கள். நூற்றெழுபது ஆண்டு நின்ற கட்டையில் கீறியதை யாராலும் அழிக்க முடியாது. சுரண்டினால் கட்டைதான் தேயும்.

போகும் வழி. சுகர்லாண்ட்ஸ் பார்வையாளர் மையத்திலிருந்து லிட்டில் ரிவர் சாலையில் மேற்கே வந்தால் மெட்காஃப் பாட்டம்ஸ் என்ற இடம், ஆற்றை ஒட்டியது. அங்கேயே காரை நிறுத்திவிட்டுப் பாலத்தைத் தாண்டி நடங்கள். முக்கால் மைலுக்குள் 1882-ல் கட்டிய ஓரறைப் பள்ளிக்கூடம் வரும். 1936 வரை அதில் பாடம் நடந்தது, வாக்கர் பிள்ளைகளும் அங்கே படித்தவர்கள்தான். பெஞ்சுகள் இன்னும் இருக்கின்றன, பக்கத்திலேயே கல்லறைகள். அங்கிருந்து ஒரு மைலுக்குச் சற்று மேல், அகலமான பழைய வண்டிப்பாதை. போக வர மூன்றரை மைல். பாட்டிமார் நிதானமாக நடந்து வந்துவிடலாம், தள்ளுவண்டிக் குழந்தைக்குத்தான் கஷ்டம். பள்ளிக்கூடம் வரை மண்சாலையும் உண்டு, ஆனால் ஒரு கார் போகும் அகலம்தான். வேன் வைத்துக்கொண்டு அதில் நுழைந்துவிட்டு எதிரே வருகிறவரிடம் சத்தம் போடாதீர்கள்.

புளூடூத் ஒலிபெருக்கியை வாடகை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நாயை அந்தப் பாதையில் விடமாட்டார்கள். ட்ரோன் பூங்கா முழுக்கத் தடை. கரடிக்கு 50 கஜத்துக்குள் போவது குற்றம். படம் எடுக்க என்றாலும் குற்றம்தான்.

திட்டம் போடும் அன்பர்களுக்குக் கடைசியாகச் சில விஷயங்கள். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது என்றாலும் 2023 முதல் கால் மணி நேரத்துக்கு மேல் காரை நிறுத்த அனுமதிச் சீட்டு வேண்டும்: நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15 என்று தொடங்கினார்கள். காருக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று அல்ல. வீடு திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கே நடக்கத் தொடங்கினால் வீட்டுக்கு வேறு யாரும் வருமுன் போய்ச் சேரலாம். புளியோதரையையும் தயிர்சாதத்தையும் மலையில் சுமக்க வேண்டாம், திரும்பி வந்து மெட்காஃப் பாட்டம்ஸ் மேசைகளில் பிரித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கரடி திறக்க முடியாத தொட்டியில் போட்டு, கொக்கி மாட்டியதை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
அட்லாண்டாவிலிருந்து உங்களில் ஒருவன்